முன் சீட்டில் கிடந்த துண்டு

மலை ஜீப்பில் பயணியாக இருப்பதும் ஒரு வேலைதான். உடம்பு வலிக்கும், அனுபவம் வேண்டும், மேலதிகாரி ஒருவர் உண்டு, சம்பளம் மட்டும் கிடையாது. அந்த வேலையில் அநியாயத்துக்கு ஆளானவர் என் சித்தி சின்னபொண்ணு. அப்போது ஐந்து மாதக் கர்ப்பிணி. எங்கள் மலை ஊர் புதூர்நாட்டில் முதல் ஆளாக வந்து ஜீப்பின் முன் சீட்டில் உட்கார்ந்தவரை, அந்தச் சீட்டில் வேறு ஒருவருடைய துண்டு கிடந்தது என்பதற்காக எழுப்பி, பின்னால் புளி மூட்டை மேல் ஏற்றினார்கள்.

இதை நான் ஹாஸ்டலில் போய்ச் சொன்னபோது என் அறைத் தோழி லலிதா அவளுடைய பெரியப்பா கதையை எடுத்தாள். அவர் அடிக்கடி கப்பலில் உல்லாசப் பயணம் போகிறவர். எந்த அறை எடுத்தால் ஆட்டம் தெரியாது, எதைத் தின்றால் வயிற்றைப் புரட்டாது, கேப்டனோடு ஒரே மேஜையில் சாப்பிட யாரைப் பிடிக்க வேண்டும், எல்லாம் அவருக்கு அத்துப்படியாம். பத்திரிகையில்கூட எழுதச் சொன்னார்களாம். எனக்கும் ஆட்டம் உண்டு, புரட்டல் உண்டு, கேப்டனும் உண்டு, நானும் எழுதலாமே என்றேன். அவள் சிரித்துவிட்டுச் சொன்னாள்: "ஜீப்புல போறதுக்கெல்லாம் யாராவது யோசனை எழுதுவாங்களாடி?"

கிளம்பும் நேரம்

எழுதுகிறேன். என்னோடு சேர்ந்து அவதிப்படுகிற உங்களுக்காக எழுதுகிறேன்.

கப்பல் கிளம்பும் நேரத்தை அச்சடித்துக் கொடுப்பார்களாம். எங்கள் ஜீப் கிளம்பும் நேரம் டிரைவர் மாணிக்கம் அண்ணனின் மனசுக்குள் இருக்கிறது. வண்டி நிறைந்தால் கிளம்பும். நிறைந்தது என்பதை நாம் முடிவு செய்ய முடியாது. உள்ளே எதிரெதிராக இரண்டு பலகை, முழங்காலோடு முழங்கால் இடித்துக்கொண்டு ஆட்கள், நடுவில் மூட்டைகள், மூட்டைகள் மேல் ஆட்கள், பின்னால் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவர்கள். இத்தனைக்கும் பிறகு அண்ணனே பாதி உடம்பை வெளியே வைத்துக்கொண்டுதான் ஓட்ட முடியும் என்ற நிலை வந்தால், அது நிறைந்த வண்டி.

என் யோசனை இது. இஞ்சின் உறுமுவதை நம்பி ஓடி வந்து ஏறாதீர்கள். அது ஆள் சேர்க்கிற உறுமல். அண்ணன் குடிக்கிற பீடியைப் பாதியில் அணைத்துக் காதில் செருகுகிறாரா பாருங்கள். செருகினால் வண்டி கிளம்பப்போகிறது. இது தெரியாத காலத்தில் ஒருநாள், "எப்பதாண்ணா கெளம்பும்? நான் எறங்கி நடக்கிறேன் போங்க" என்று சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவே இல்லை. "நீ எறங்கினா ஒரு எடம் காலியாவும். அத ரொப்பறதுக்கு இன்னும் நேரமாவும். ஒக்காரு, காலேஜு."

காற்று எந்தப் பக்கம்?

கொண்டை ஊசி வளைவுகளில் வயிறு என்ன செய்யும் என்று உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. இரண்டு இட்லியோடு நிறுத்துங்கள். கையில் ஒரு எலுமிச்சம்பழம் இருக்கட்டும். எதிரில் உட்கார்ந்திருப்பவர் முகத்தைப் பார்க்காமல் எட்டி இருக்கிற மலையைப் பாருங்கள். பக்கத்தில் யாராவது "ஒரு மாதிரியா இருக்குது" என்றால், எந்த மாதிரி என்று விசாரிக்காதீர்கள். எல்லாவற்றையும்விட முக்கியம், தலையை வெளியே நீட்டும் முன் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்ப்பது. லலிதாவின் பெரியப்பாவும் கப்பலில் இதையேதான் சொல்வாராம். கடலும் மலையும் இந்த ஒரு விஷயத்தில் ஒத்துப்போகின்றன.

மலைக்குப் புதிதாக வேலைக்கு வந்த ஒரு வாத்தியார் காற்றைப் பார்க்கவில்லை. அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவர் வாணியம்பாடி பஷீர் பாய். வாரா வாரம் வந்து புளி வாங்கிக்கொண்டு போகிற வியாபாரி, வெள்ளை ஜிப்பா இல்லாமல் அவரை யாரும் பார்த்ததில்லை. வாத்தியார் வெளியே விட்டதெல்லாம் காற்றோடு திரும்பி வந்து அந்த ஜிப்பாவில் சேர்ந்தது. வண்டியே மூச்சைப் பிடித்துக்கொண்டது. வாத்தியாருக்கு அழுகையே வந்துவிட்டது. பாய் தோளைத் துடைத்துக்கொண்டு நிதானமாகச் சொன்னார்: "பரவால்ல தம்பி. காலைல இன்னா நாஷ்டான்னு கேக்கலாம்னு இருந்தேன், நீயே சொல்லிட்ட."

பலாவுக்கு உள்ள மரியாதை

பலாப்பழ சீசனில் பழைய புடவையைக் கட்டிக்கொண்டு வாருங்கள். நல்ல புடவையை முள் கிழிக்கும், மிச்சத்தைப் பால் ஒட்டிக் கெடுக்கும். இன்னொன்று, அந்த நாட்களில் பலகையில் உட்காரும் உரிமை பழத்துக்குத்தான். நமக்குக் கால் வைக்க ஒரு இடுக்குக் கிடைத்தால் பெரிது.

போன வருஷம் ஒரு அம்மா மூன்று பழங்களைப் பலகை மேல் வரிசையாக வைத்து, உருளாமல் இருக்கத் தன் முந்தானையைச் சுருட்டி முட்டுக்கொடுத்திருந்தார். நான் ஒற்றைக் காலில் நின்றேன். வாயைக் கட்டிக்கொண்டு வர என்னால் முடியுமா? "மனுஷங்க நிக்கறாங்க, பழம் உக்காந்துட்டு வருது. இது எந்த ஊர் நியாயம்?" என்று கேட்டுவிட்டேன். அந்த அம்மா என்னை மேலும் கீழும் பார்த்தார். "பழம் நசுங்கிப் போனா சந்தையில எவனும் வாங்க மாட்டான். நீ நசுங்கிப் போனா இன்னா, யூனிவர்சிட்டில சேத்துக்க மாட்டாங்களா?"

துண்டுச் சட்டம்

இனி முன் சீட்டுக்கு வருகிறேன். ஜீப்பில் அதிகம் தூக்கிப் போடாத இடம் அது ஒன்றுதான். பின்னால் உட்கார்ந்தால் ஒவ்வொரு பள்ளத்திலும் முதுகெலும்பு மண்டைக்குள் வந்துவிட்டுப் போகும். சாதாரண நாளில் முன் சீட்டில் இரண்டு பேர் இடித்துக்கொண்டு உட்காருவார்கள். யாராவது துண்டு போட்டுவிட்டால், அன்று அது ஒருவர் இடம். துண்டின் சொந்தக்காரர் பொழுது விடியும்போது பால் கேன்காரரிடம் துண்டைக் கொடுத்தனுப்புவார். அதற்கப்புறம் குளித்து, டிபன் சாப்பிட்டு, வெற்றிலை போட்டுக்கொண்டு சாவகாசமாக வருவார். அதுவரை அந்தத் துண்டை யாரும் தொடமாட்டார்கள். பெண்களுக்குத் தோளில் துண்டு போடும் வழக்கம் இல்லை. பை வைத்துப் பார்த்திருக்கிறோம். "யாரோ மறந்துட்டுப் போய்ட்டாங்க" என்று அண்ணன் அதைத் தூக்கிப் பின்னால் வைத்துவிடுவார்.

அரசியல் எம்.ஏ.வில் சொத்துரிமை எப்படித் தோன்றியது என்று எங்களுக்கு ஒரு பேப்பரே இருக்கிறது. எங்கள் ஜீப் நிற்கிற புளியமரத்தடியில் ஒரு காலைப்பொழுது நின்றால் பாஸ் பண்ணிவிடலாம்.

அன்றைக்குத் துண்டு ரோடு கான்ட்ராக்டருடையது. எங்கள் மலை ரோட்டுக்குக் கல் போடுகிறவர் அவர். அந்த ரோட்டில் தான் மட்டும் குலுங்காமல் போக வேண்டும் என்பதில் அவருக்கு மிகவும் அக்கறை. சித்தி செய்த தவறு என்னவென்றால், அந்தத் துண்டை அழகாக மடித்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்ததுதான். கான்ட்ராக்டர் வந்ததும் சித்தி அதை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தார். "பின்னால எடம் இருக்குது பாரும்மா" என்றார் கான்ட்ராக்டர்.

நான் விடவில்லை. "அண்ணா, முதல்ல வந்தது யாரு?" என்றேன். "துண்டு," என்றார் மாணிக்கம் அண்ணன். "துண்டு யாரோட வந்துது?" "பால் கேனோட." "அப்ப பால் கேனைத்தானே முன்னால உக்கார வைக்கணும்?" பின்னாலிருந்து எல்லோரும் சிரித்தார்கள். அண்ணனும் சிரித்தார். ஆனால் சித்தி அதற்குள் இறங்கிப் பின்பக்கம் போய்விட்டார். "நீ சொல்றது எல்லாம் ஞாயம்தான், காலேஜு. ஆனா ஒரு நாள் துண்டத் தூக்கிட்டா, அப்புறம் எவன் எனுக்கு மரியாத குடுப்பான்?" என்றார் அண்ணன்.

டாக்டரம்மா சொன்னது

சித்திக்கு இதற்கு முன் இரண்டு கர்ப்பம் தங்கவில்லை. இந்த முறை மாதம் தவறாமல் திருப்பத்தூரில் டாக்டரம்மாவிடம் காட்ட வேண்டும். அதற்காகவே நானும் மாதம் ஒருமுறை மெட்ராஸிலிருந்து வந்துவிடுகிறேன். அன்று மலை இறங்கி முடிப்பதற்குள் சித்திக்கு அடிவயிற்றில் வலி கண்டுவிட்டது. ஒரு கையால் கம்பியையும் ஒரு கையால் என்னையும் பிடித்துக்கொண்டு வந்தார். பஷீர் பாய் தன் சால்வையை நாலாக மடித்து மூட்டைக்கும் அவருக்கும் நடுவில் வைத்தார்.

டாக்டரம்மா சித்தியைப் படுக்க வைத்து ஊசி போட்டார். சாயந்திரம் வலி நின்றது. குழந்தைக்கு ஒன்றுமில்லை. அதன்பிறகுதான் எங்களுக்கு அர்ச்சனை விழுந்தது. என்னையும் சேர்த்துத் திட்டினார், நான்தான் ரோட்டுக்குக் கல் போட்டதுபோல. "இனிமே முன்னால உட்கார்ந்து வர்றதா இருந்தா வா. பின்னால குலுங்கிக்கிட்டு வர்றதா இருந்தா வராதே. வராமலும் இருந்துடாதே."

சித்தப்பாவின் யோசனைகள்

பஸ் இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது, சில நாள் வருகிறது; ஆறாம் மாதம் அதில்தான் போய்வந்தோம். மழை பெய்தால் அடிவாரத்தோடு திரும்பிவிடும். நான் மாணிக்கம் அண்ணனைத் தனியாகப் பார்த்து, கர்ப்பிணிகளுக்கு முன் சீட்டு என்று ஒரு சட்டம் போடுங்கள் என்றேன். "சட்டம் போடறதுக்கு நான் யாரு? வண்டி ஓட்டறவன்" என்று நழுவினார். சித்தப்பாவுக்கும் கவலைதான். தூளி கட்டி நாலு பேராகத் தூக்கிக்கொண்டு இறங்கலாம் என்றார். சித்தி ஒத்துக்கொள்ளவில்லை. அப்படியானால் கான்ட்ராக்டரை வழிமறித்து நாலு கேள்வி கேட்கலாம் என்றார் சித்தப்பா. கேள்வியைத்தான் நான் அவர் முன்னாலேயே கேட்டுவிட்டேனே.

பேசிக்கொண்டே அவர் தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து உதறினார். சாமை அடித்த தூசி எங்கள் மேலெல்லாம் பறந்தது. நான் அந்தத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சித்தியும் பார்த்தார். பிறகு இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். "இன்னா ரெண்டு பேரும் இப்பிடிப் பாக்கறீங்க?" என்றார் சித்தப்பா. சித்தி கையை நீட்டினார். "அந்தத் துண்ட இங்க குடு. இனிமேட்டு நீ வெறுந்தலையோட களத்துக்குப் போ."

ஏழாம் மாதம்

மேலே சொன்னதையெல்லாம் மறந்தாலும் இந்த ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: எங்கள் மலை ஜீப்பில் மனுஷியாகப் போவதைவிடத் துண்டாகப் போவது சௌகரியம்.

துண்டை வெளுத்து, நீலம் போட்டு, செம்பில் வெந்நீர் ஊற்றி அதையே இஸ்திரிப் பெட்டியாக்கித் தேய்த்தோம். தாசில்தார் தோளில் போட்டாலும் பழுது சொல்ல முடியாது. விடிந்ததும் அது பால் கேனோடு போயிற்று. நாங்கள் சாவகாசமாகச் சாப்பிட்டோம். இரண்டு இட்லி.

புளியமரத்தடிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது வண்டி நிறைந்திருந்தது. முன் சீட்டு மட்டும் காலி, அதில் துண்டு. யாருடையது என்று ஊரே யோசித்துக்கொண்டிருந்தது. ரேஞ்சர் என்று ஒருவர், புதிதாக வந்திருக்கும் பெரிய ஆபீசர் என்று ஒருவர். கான்ட்ராக்டரும் வந்திருந்தார். துண்டைப் பார்த்ததும் மறுபேச்சுப் பேசாமல் பின்னால் ஏறி, பஷீர் பாய்க்குப் பக்கத்தில் மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாராம். அவர் போட்ட ரோட்டில் அவர் பின்னால் உட்கார்ந்து போகப்போவது அன்றுதான் முதல் தடவை.

சித்தி மெதுவாக வந்தார். துண்டை எடுத்தார். அதாலேயே சீட்டை ஒரு தட்டுத் தட்டிவிட்டு ஏறி உட்கார்ந்தார்.

"ஏம்மா, எழுந்திரு, எழுந்திரு. துண்டு போட்டவரு வந்துடப் போறாரு," என்றார் கான்ட்ராக்டர் பின்னாலிருந்து.

சித்தி திரும்பவில்லை. கான்ட்ராக்டர் அண்ணனைக் கூப்பிட்டார். "இன்னாய்யா மாணிக்கம், பாத்துட்டு நிக்கற? எறக்கி விடு."

மாணிக்கம் அண்ணன் சித்தியைப் பார்த்தார், துண்டைப் பார்த்தார், என் முகத்தையும் பார்த்தார். எல்லாம் புரிந்துவிட்டது என்று அவர் மீசை காட்டிக்கொடுத்தது. "எழுந்துக்கோன்னு சொல்ற உரிம துண்டு போட்டவருக்குத்தாங்க. அவரு வந்து சொல்லட்டும், எறக்கிடறேன்," என்று சொல்லிவிட்டு, பீடியை அணைத்துக் காதில் செருகினார்.

"யாருய்யா அந்தப் பெரிய மனுஷன்? எங்க இருக்காரு?" கான்ட்ராக்டர் மூட்டை மேல் எழுந்தே நின்றுவிட்டார்.

இரண்டு மாதமாக எனக்குள் சேர்த்து வைத்திருந்த வாதம் முழுவதையும் கொட்ட நான் வாயைத் திறந்தேன். சித்தி என் கையை அழுத்தினார். துண்டை உதறி விரித்துத் தன் வயிற்றின் மேல் போட்டுக்கொண்டார். பிறகு முதல் முறையாகப் பின்பக்கம் திரும்பி, கான்ட்ராக்டரிடம் மரியாதையாகச் சொன்னார்:

"அவரு வந்துட்டாருங்க. உள்ளதான் இருக்காரு. இன்னும் ரெண்டு மாசத்துல எறங்கிக்குவாரு, அப்ப நீங்க ஒக்காந்துக்கோங்க."