நாற்காலியை விட்டு எழுந்த குற்றம்

ஊரில் இருக்கும் உங்களுக்கு நம்பக் கஷ்டமாக இருக்கும். இங்கே டாக்டர் வார்டுக்குள் வந்தால் நர்ஸ்கள் யாரும் எழுந்திருப்பதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை. இடுப்பில் பேஜரோடு நம் மேஜை மேலேயே ஏறி உட்கார்ந்து, நம் பிஸ்கட்டையே எடுத்துத் தின்றுகொண்டு "ஹாய் கலா" என்பார். எனக்கோ கால் தானாக எழுந்துவிடும். மதுரையில் நர்ஸிங் படித்தபோது, டாக்டரின் செருப்புச் சத்தம் கேட்டும் எழாதவளை மேட்ரன் சும்மா விடமாட்டார். எழுதுகிற பேனாவைக்கூட மூடாமல் எழுந்து நிற்போம். அந்தப் பழக்கம் என்னோடு விமானம் ஏறி நியூஜெர்சிக்கும் வந்துவிட்டது.

நான் டிராவல் நர்ஸ். எந்த ஆஸ்பத்திரியில் ஆள் பற்றாக்குறையோ அங்கே ஏஜென்சி அனுப்பும். மூன்று மாத ஒப்பந்தம், பிறகு வேறு ஊர். "போகிற இடத்தையெல்லாம் சுற்றிப் பாருங்கள், முழுசாக அனுபவியுங்கள்" என்று ஏஜென்சிப் பெண் போனில் குழைவாள். யாருக்கடி அனுபவம்? குடும்பம் இல்லாத சின்னப் பெண்களுக்குச் சரி. எனக்கு நியூஜெர்சியிலேயே மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில் கணவரும் ஆறு வயது நித்யாவும் இருக்கிறார்கள். அதிசயமாக அந்த முறை வீட்டிலிருந்தே காரில் போய்வரும் தூரத்தில் வேலை. அது நீட்டிக்கப்பட வேண்டும், தினமும் காலையில் மகளுக்கு நானே தலை பின்ன வேண்டும், அவ்வளவுதான் என் ஆசை. அதற்காகவே, யாரும் பார்க்க விரும்பாத நோயாளிகளை என் தலையில் கட்டியபோதெல்லாம் வாயைத் திறக்கவில்லை.

கடைசி வாரம் வார்டு மேனேஜர் லிண்டா கூப்பிட்டாள். "நீ ரொம்ப ஸ்வீட். ஆனால் டாக்டரைக் கண்டாலே பயந்து எழுந்து நிற்கிறாய். தன்னம்பிக்கை இல்லாதவளின் ஒப்பந்தத்தை நீட்டிக்க முடியாது."

"பயமில்லை, மரியாதை" என்றேன்.

"எக்ஸாக்ட்லி" என்று அனுதாபமாகத் தலையாட்டினாள். என்ன புரிந்ததோ! என் வேலையில் ஒரு குறை சொல்லியிருந்தால் ஒத்துக்கொண்டிருப்பேன். எழுந்து நின்றது ஒரு குற்றமா?

அடுத்த ஒப்பந்தம் டெக்ஸஸில், கேட்டி என்ற ஊர்ப் பக்கம். விஷயம் தெரிந்த ஆன்ட்டி ஒருவர் பிரிட்ஜ்வாட்டர் கோவிலில் பிடித்துக்கொண்டார். "குழந்தைய விட்டுட்டு டெக்ஸஸா? கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கக்கூடாதா நீ?"

"அட்ஜஸ்ட் பண்ணித்தான் ஆன்ட்டி வேலை போச்சு."

நித்யா மட்டும் "ஹூ வில் டூ மை ஹேர்?" என்று கேட்டாள்.

டெக்ஸஸில் பசை போட்டு ஒட்டியவள்போல உட்காரப் பழகினேன். ஒரு நாள் புது டாக்டர் ஒருவர் வந்தார். எழாமலே "ஹாய்" என்றேன். என் பேட்ஜில் பெயரைப் படித்தவர் தமிழுக்கு மாறினார். "நம்ம ஊர்ல டாக்டர் வந்தா எந்திரிச்சு நிப்பீங்களேம்மா. இங்க வந்ததும் மரியாதையெல்லாம் மறந்தாச்சா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார். ஆனால் நகராமல் காத்துக்கொண்டு நின்றார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த வெள்ளைக்கார நர்ஸிடம் இதைக் கேட்பாரா இந்த மனிதர்?

"எந்திரிச்சதுக்குத்தான் சார் என் குழந்தைய விட்டுப் பிரிச்சு இங்க அனுப்பினாங்க" என்றேன்.

அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் கவனித்தேன். நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்தபடி, உட்காராமலும் நிற்காமலும், பாதி எழுந்த நிலையில் இருந்தேன்.