வெந்நீரில் வளைத்த பிரஷ்

என் வீட்டுக்காரர் அப்போது செல்லூரில் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தார். பீடி பற்றவைத்தால் நூலில் பொறி விழும் என்று முதலாளி சத்தம் போடுவார். அதனால் அங்கே பாதிப் பேருக்கு வாயில் பாக்குதான். இவர் காலையில் ஒரு கொட்டைப்பாக்கைக் கன்னத்துக் கொடுப்புக்குள் அடக்கினால் சோற்று நேரத்துக்குத்தான் துப்புவார். சொன்னால் கேட்கிற ஆளா அவர்? "வாய் சும்மா இருந்தா உன்கூடச் சண்டைக்கு வரும் புள்ள, பரவால்லையா?" என்பார்.

ஒரு நாள் சாப்பிடும்போது சோற்றை நெல்லிக்காய் அளவுக்கு உருட்டி உருட்டிப் போட்டுக்கொண்டிருந்தார். ஏன் என்று கேட்டேன். வாய் அதற்கு மேல் திறக்கவில்லையாம். எத்தனை நாளாக என்று கேட்டதற்கு, "கொஞ்ச நாளாத்தான்" என்று தட்டைப் பார்த்துச் சொன்னார். மறுநாளே இழுத்துக்கொண்டு டவுனில் இருந்த பல் டாக்டரிடம் போனேன்.

டாக்டர் இரண்டு விரலை நெட்டுக்குத்தாக வாய்க்குள் வைத்துப் பார்த்தார். மூன்றாவது விரல் நுழையவில்லை. கழுத்து வளைந்த சின்னக் கண்ணாடியை உள்ளே விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்துத்தான் பேசினார்.

"பாக்கை இன்னையோட விடணும்மா. கடவாய்ப் பல்லுல சீழ் இருக்கு, தினம் நல்லா தேய்க்கணும். கன்னத்துக்குள்ள ஒரு புண்ணு இருக்கு. வாய் இறுகிப்போனதால பிரஷ் குத்திக் குத்தி வந்ததாவும் இருக்கலாம். வேற எதுவாவும் இருக்கலாம். ரெண்டு வாரத்துல ஆறலைன்னா கொஞ்சம் சதையைக் கிள்ளி டெஸ்ட்டுக்கு அனுப்பணும்."

அந்த 'வேற எதுவாவும்' என்னவென்று நான் கேட்கவில்லை. இவருடைய தறிக்கூட்டாளி ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன், முந்தின வருஷம். கன்னத்தில் துண்டைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டுதான் கஞ்சி குடித்தார். துண்டை எடுத்தால் கஞ்சி கன்னத்து ஓட்டை வழியாக வழிந்தது. அடுத்த மாசமே செத்துப்போனார். வாடிப்பட்டிப் பக்கத்துச் சொந்த ஊருக்குக் கொண்டுபோய் அவரை எரித்தார்கள்.

மடியில் நெருப்பைக் கட்டிக்கொண்டுதான் ஆனையூர் வீட்டுக்குத் திரும்பினேன். தேய்க்காமல் விட்டால் சீழ் ஏறும். தேய்த்தால் பிரஷ் குத்தும், புண் ஆறாது. ஆறாவிட்டால் பிரஷ்தான் காரணமா, அந்த நோயா என்று எப்படித் தெரியும்? அப்போது கடையில் கிடைத்த பிரஷ்ஷெல்லாம் துணி துவைக்கிற பிரஷ்ஷின் தம்பி மாதிரி இருக்கும். விரலால் தேய்க்கலாம் என்றால் கடவாய்வரை விரல் போகவில்லை.

குழந்தைகள் பிரஷ் இரண்டு வாங்கினேன். "பிள்ளைக்கு எத்தனை வயசுக்கா?" என்று கேட்டார் கடைக்காரர். "நாப்பத்திரெண்டு" என்று சொல்லிவிட்டு வந்தேன். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

சின்னப் பிரஷ்ஷும் நேராகத்தான் இருந்தது. காம்பு கன்னத்தை இடித்தது. டாக்டரின் கண்ணாடி மாதிரி கழுத்து வளைந்திருந்தால் இடிக்காதே என்று தோன்றியது. மெழுகுவத்தியில் காட்டினேன். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது. காம்பு உருகிச் சொட்டியது, மயிரெல்லாம் கருகி மிளகு மிளகாகத் திரண்டது. விரலால் தடவினால் முள். இதை அவர் வாய்க்குள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? தூக்கிக் குப்பையில் போட்டேன்.

இரண்டாவதைக் கொதிக்கிற தண்ணீரில் காம்புப் பக்கமாக இறக்கி, இளகியதும் துணியால் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாக வளைத்தேன். பச்சைத் தண்ணீரில் போட்டதும் அப்படியே நின்றது. என் உதட்டுக்குள் விட்டுத் தேய்த்துப் பார்த்தேன். மயிர் இன்னும் குத்தியது. கை பொறுக்கிற சூட்டில் வெந்நீர் எடுத்து அதில் கொஞ்ச நேரம் ஊறவிட்டேன். அப்புறம் தேய்த்தால் பதமாக இருந்தது. கழுவி அவரிடம் கொடுத்தேன்.

தினமும் காலையில் முதல் வேலை அதுதான். டீ போடுவதற்கு முன்னால் பிரஷ்ஷுக்கு வெந்நீர். அவருக்கோ எல்லாம் கேலி. "கல்யாணத்தன்னைக்குக்கூட எனக்கு இம்புட்டு மரியாதை நடக்கல" என்பார். தேய்த்து முடித்ததும் வாசல் வெளிச்சத்தில் நிறுத்தி, டார்ச் அடித்துப் பார்ப்பேன். ஒரு நாள் சிறுத்த மாதிரி இருக்கும், மறுநாள் ஓரம் வெளுத்துப் பெருத்த மாதிரி இருக்கும். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய். அன்றைக்கெல்லாம் சோறு இறங்காது எனக்கு.

இடையில் ஒரு நாள் துப்பியதில் ரத்தம் வந்தது. தண்ணீர் சரியாகச் சுடவில்லையோ, நான்தான் கெடுத்தேனோ என்று பதறிப்போய்விட்டேன். சட்டையை மோந்து பார்த்தேன். பாக்கு வாசம் இல்லை. அதட்டிக் கேட்டபோதுதான், டீக்கடையில் முறுக்குத் தின்றதாகச் சொன்னார்.

"உயிரைக் கையில பிடிச்சுக்கிட்டு நான் கெடக்கேன், உங்களுக்கு முறுக்குக் கேக்குதோ?"

"இத்தனூண்டு புண்ணுக்கு எதுக்கு இம்புட்டு அலப்பறை?" என்று சிரித்தார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அன்று முழுக்க அவரோடு பேசவில்லை. இந்த மனிதருக்கு உயிர் மேல் அக்கறையும் கிடையாது, பெண்டாட்டி மேல் இரக்கமும் கிடையாது என்று அடுப்பிடம் சொல்லிச் சொல்லி அழுதேன். ஆனாலும் மறுநாள் காலையில் வெந்நீர் வைத்தேன்.

கெடு முடிந்து டாக்டரிடம் போனோம். அவர் கண்ணாடியை உள்ளே விட்டார். வெகுநேரம் பார்த்தார்.

"ஆறிருச்சும்மா. பிரஷ் குத்துனதுதான். வாய் பழையபடி திறக்கிறது கஷ்டம். பாக்கைத் தொடாம இருந்தாப் போதும். மாசாமாசம் வந்து காட்டுங்க."

கும்பிட்டுவிட்டு வெளியே வந்தேன். இவரிடம் அன்றைக்குக் கேலிகூட இல்லை. சைக்கிளை நிறுத்தியிருந்த இடத்துக்கு வந்ததும் என் கையைப் பிடித்து வெயில் விழுகிற பக்கம் இழுத்தார். கை சில்லென்று இருந்தது.

"நீ பாத்துச் சொல்லு புள்ள."

"டாக்டரு சொல்லிட்டாருல்லங்க?"

"அவரு சொன்னாரு. நீ சொல்லு."

ரோட்டில் போகிறவர்கள் எல்லாம் பார்க்க, முடிந்த மட்டும் வாயைத் திறந்துகொண்டு சூரியனைப் பார்த்து நின்றார். கண்ணை இறுக்கி மூடியிருந்தார். வீட்டில் சிரித்துக்கொண்டிருந்த ஆள் இத்தனை நாளும் பயந்து செத்துக்கொண்டிருந்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. நான் அவர் தாடையைப் பிடித்துத் திருப்பி, கன்னத்தை விலக்கி, நன்றாகப் பார்த்தேன்.

"ஆறிருச்சுங்க" என்றேன்.

அதற்குப் பிறகுதான் வாயை மூடினார்.