காலண்டரில் காணாமல் போன பத்து நாள்

2005-இல் சவூதியில், ஜுபைல் தொழிலாளர் கேம்ப்பில் எனக்குக் கீழ்க்கட்டிலில் இருந்தவர் புதுக்கோட்டைக்கார வெல்டர். ஒல்லி உடம்பு, சிவந்த கண்கள். தினமும் டூட்டிக்குக் கிளம்புமுன் சுவர்க் காலண்டரில் ஒரு தேதியை அடிப்பார். இரண்டு வருடத்துக்குப் பிறகு ஒரு மாத லீவு. அதற்கு இன்னும் பத்து நாள் இருந்தது.

1582-இல் போப்பாண்டவர் காலண்டரைத் திருத்தியதைச் சொன்னேன். இத்தாலியில் அக்டோபர் நான்காம் தேதி படுத்தவர்கள், மறுநாள் பதினைந்தாம் தேதியில் எழுந்தார்கள்.

"அடேங்கப்பா! நமக்கும் அப்படி ஒண்ணு வரக்கூடாதாண்ணே?" என்று குதித்தார். உடனே முகம் மாறியது. "அப்ப லீவுல ஊருக்குப் போயிருந்தவன் கதி?"



கிளம்பிய அன்று பெட்டியோடு வாசலில் நின்றார். "நான் ஊர்ல இருக்கையில யாரும் தேதியில கை வச்சிர மாட்டாங்கள்ல?"

சிரித்து வழியனுப்பிவிட்டு அறைக்குத் திரும்பினால், சுவரில் ஆணி மட்டும் இருந்தது. காலண்டரைக் கையோடு கொண்டுபோய்விட்டார்.