வர்ணிப்பைப் பதிவுசெய்த சனிக்கிழமை

தைப்பூசத்துக்கு முந்தைய சனிக்கிழமை மதியம் எங்கள் வீட்டு ஐஸ் பெட்டியை அணைத்தேன். அதன் முனகல் மைக்கில் விழும் என்பது முன்பே சோதித்துப் பார்த்ததில் தெரிந்திருந்தது. உள்ளே இருந்த பாலையும் தோசை மாவையும் அம்மா பக்கத்து வீட்டில் கொண்டுபோய் வைத்தார். விரத நாள் என்பதால் மீன் இல்லை, அந்த மட்டும் நல்லது என்றார். அடுத்து மின்விசிறி. அடுத்து ஜன்னல்கள், அவற்றின் மேல் தொங்கவிட வேண்டிய மெத்தைகள், கைப்பேசிகளைப் போட்டு மூட அரிசிப் பானை. ஒவ்வொன்றாக முடித்துவிட்டுத்தான் தம்பியின் நண்பர்களை உள்ளே விட்டேன்.

என் தம்பி ஒரு உருமி மேளக் குழுவில் வாசிக்கிறான். சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடியைச் சுற்றியுள்ள பையன்கள் சேர்ந்து தொடங்கிய குழு. தண்ணீர்மலைக் கோயிலுக்குப் போகும் சாலையில் போடும் தண்ணீர்ப் பந்தல் ஒன்றில் அவர்கள் பாட்டை ஒலிபரப்ப, பந்தல் தலைவர் சம்மதித்திருந்தார். ஞாயிறு சாயங்காலத்துக்குள் பென்டிரைவ் அவர் கைக்குப் போக வேண்டும். போகாவிட்டால் வேறு குழுவின் பாட்டு ஓடும். ஸ்டூடியோவுக்குப் போக வசதியில்லை. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஒலிக்கருவிகளைச் சோதிப்பது என் வேலை. அதனால் நான் செய்து தருகிறேன் என்றேன்.

சொன்னேனே தவிர, உருமி அடித்தால் அங்கே நிற்கிற வழக்கம் எனக்குக் கிடையாது. பெரியம்மாவுக்கு அருள் வரும். தலைமுடி அவிழ்ந்து, ஜாக்கெட் நனைந்து, கூட்டத்தின் நடுவே அவர் ஆடுவதைப் பள்ளி நாட்களில் பார்த்துக் கூசிப்போயிருக்கிறேன். பல்கலைக்கழகம் போன பிறகு அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மேளம் தொடங்கியதும், "நான் செருப்பைப் பார்த்துக்கிறேன்" என்று வாசலுக்குப் போய்விடுவேன். எங்கள் குடும்பத்தில் யாருடைய செருப்பும் கோயிலில் தொலைந்ததில்லை.

மற்ற பாட்டுகளை அந்த வாரத்தில் பதிவுசெய்துவிட்டோம். மீதி இருந்தது வர்ணிப்பு மட்டும். அம்மனைக் கால் சிலம்பிலிருந்து உச்சி வரை வர்ணித்து அழைக்கும் பாட்டு அது. தொகுப்பில் முதலில் வர வேண்டியதும் அதுதான். அழைக்காமல் யாரும் எதையும் தொடங்க மாட்டார்கள். பாடுகிற பையன் ஒரு தட்டில் கற்பூரம் ஏற்றி, எலுமிச்சம்பழம் அறுத்து வைத்தான். பிறகு என்னிடம் வந்தான்.

"அக்கா, இத ஒரே மூச்சாப் பாடணும். கூப்பிட்டுட்டுப் பாதியில நிறுத்தக் கூடாது. கடைசியில சாமிய மலையேத்தி அனுப்பித்தான் முடிக்கணும்."

பிழை வந்தால் நிறுத்தித் துண்டு துண்டாகப் பாடலாம், நான் ஒட்டிக்கொள்வேன் என்று விளக்கினேன்.

"யார, சாமியவா ஒட்டுவீங்க?" என்றான் தவில்காரப் பையன். எல்லாரும் சிரித்தார்கள். நானும்தான்.

முதல் தடவை சிலம்பு முடிந்து கொலுசுக்கு வந்தபோது கீழே ஒரு மோட்டார் சைக்கிள் உறுமிக்கொண்டு போனது. கையைத் தூக்கி நிறுத்தினேன். அடுத்த தடவை ஒட்டியாணம் வரை வந்தார்கள். ரொட்டிக்காரர் ஹார்ன் அடித்தார். அதற்கடுத்து, பக்கத்து பிளாக்கில் சீனப் பிள்ளைகள் சிங்க நடனத்துக்கு மேளம் பழக ஆரம்பித்தார்கள். அது ஓயும் வரை காத்திருந்தோம். மறுபடி தொடங்கியபோது மாலை வரை நன்றாக வந்தது. ஒலி வரம்பு மீறி என் அளவுமானியில் சிவப்பு விழுந்தது. நிறுத்தினேன். ஒவ்வொரு தடவையும் பாடகன் புதிதாகக் கற்பூரம் ஏற்றினான், ஒவ்வொரு தடவையும் நான் கையைத் தூக்கினேன். பையன்களின் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. அவன் குரல் கம்மத் தொடங்கியிருந்தது.

"இந்தத் தடவ என்ன ஆனாலும் நான் நிறுத்த மாட்டேன்கா" என்றான். அதட்டிச் சொல்லவில்லை. சரி என்றேன்.

என்ன நடந்தது என்பதற்கு என்னிடம் காரணங்கள் உண்டு. மின்விசிறி இல்லாத அறை. காலையிலிருந்து ஒரு குவளை மைலோ தவிர எதுவும் சாப்பிடவில்லை. காதை அடைத்து மூடும் ஹெட்ஃபோன். உருமியின் தேய்க்கிற தோலுக்கு மிக நெருக்கமாக நானே வைத்த மைக். வளைந்த குச்சி தோலில் இழுபடும்போது அந்த முனகல் வெளியிலிருந்து கேட்கவில்லை, என் மண்டைக்குள்ளிருந்தே கிளம்பியது. அளவுமானியின் பச்சைக் கோடுகள் ஏறி இறங்கியது நினைவிருக்கிறது. கண்ணை வர்ணிக்கும் அடி தொடங்கியது நினைவிருக்கிறது.

பிறகு தரை. வாயில் திருநீற்றின் சுவை. அம்மாவின் மடியில் என் தலை, முடி முழுக்க அவிழ்ந்து. பாட்டு முடிந்திருந்தது. பையன்கள் யாரும் என்னைப் பார்க்கவில்லை. ஒவ்வொருவரும் தன் மேளத்தை உறையில் போடுவதில் அவ்வளவு கவனமாக இருந்தார்கள். பெரியம்மாவுக்கு நான் ஒரு நாளும் காட்டாத மரியாதை அது. அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

எழுந்து உட்கார்ந்து நான் கேட்ட முதல் கேள்வி, "பதிவாச்சா?"

"எல்லாம் பதிவாச்சு" என்றான் தம்பி. மைக் கம்பியைச் சுருட்டியபடி, "நீயும்."

பாடகன் சாயங்கால ஷிப்டுக்குக் கிளம்பிவிட்டான். அவன் தொண்டை இனி தைப்பூசம் வரை தேறாது. இன்னொரு பதிவுக்கு வழியில்லை.

ஞாயிறு காலை அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேட்டேன். நாங்கள் பதிவுசெய்ததிலேயே சிறந்தது அதுதான், அதில் சந்தேகமில்லை. தாளம் யாரும் தள்ளாமல் தானாக வேகமெடுத்தது. கண்ணுக்கு வந்ததும் மேளத்துக்கு அடியில் ஒரு நீண்ட மூச்சு. பிறகு ஒரு குரல். தடித்த, வயதான, யாருக்கும் கட்டுப்படாத குரல்.

"எத்தன தடவடா கூப்பிடுவ? எத்தன தடவடா நிறுத்துவ?"

பாடகன் பாட்டை விடாமலே பதில் சொல்கிறான். இரு தாயே, இதோ முடிச்சிடுறேன் தாயே என்று கெஞ்சுகிறான். அந்த அறையில் கையைத் தூக்கி நிறுத்தியது ஒரே ஓர் ஆள். ஏச்சு மட்டும் அவனுக்கு.

குரலை நீக்கப் பார்த்தேன். எல்லா மைக்கிலும் விழுந்திருந்தது. அதைத் தொட்டால் உருமியும் சேர்ந்து போனது. மூன்று வழிகள் எழுதினேன்: வர்ணிப்பை விட்டுவிடுவது, கண்ணுக்கு முன்பே ஒலியைக் குறைத்து முடித்துவிடுவது, அப்படியே கொடுப்பது. இரண்டாவதன் மேல் விரலை வைத்துக்கொண்டு வெகு நேரம் உட்கார்ந்திருந்தேன்.

தம்பி வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தான். குழுவிலிருந்து யாரும் எனக்கு ஒரு செய்தியும் அனுப்பியிருக்கவில்லை. அவன்தான் வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்க வேண்டும்.

"ஒனக்கு வேணாம்னா வேணாம்கா. வர்ணிப்பு இல்லாமலே குடுத்துடுவோம். பாதியில மட்டும் வெட்டிடாத."

என் தொழிற்சாலைத் தமிழர்களில் பாதிப் பேர் அந்தச் சாலை வழியாகத்தான் நடப்பார்கள் என்றேன்.

"அங்க யாருக்கு ஒன் கொரல் தெரியும்? நீ அங்கயும் பேசுறதில்லலா."

சிரிப்பு வந்தது. அப்படியே கொடுத்தேன். துணிச்சல் என்று யாரும் நினைக்க வேண்டாம். அந்தச் சாலையின் இரைச்சலில் அந்தக் குரல் எடுபடாது என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கணக்கில் பந்தலின் ஒலிபெருக்கியைச் சேர்க்க மறந்திருக்கிறேன். ஆள் உயரத்துக்கு நின்றது. தைப்பூசத்தன்று நான் சிராப் கலந்த இனிப்புத் தண்ணீரைக் குவளைகளில் ஊற்றிக்கொண்டிருந்தேன். வர்ணிப்பு தொடங்கியது. சிலம்பு, கொலுசு, ஒட்டியாணம். கண் வருவதற்கு முன் குனிந்து, மேசைமேல் இருந்த குவளைகளை மேசைக்கு அடியில் தேடினேன். குரல் சாலை முழுக்கத் தெளிவாக விழுந்தது. காவடி எடுத்துவந்த ஒருவர் நின்று, ஒரு சுற்று ஆடிவிட்டுப் போனார்.

பக்கத்தில் புளிச்சாதம் கட்டிக்கொண்டிருந்த அக்கா கை ஓய்ந்து நின்றார். "யாரு அந்தப் பொண்ணு? மேலெல்லாம் சிலிர்த்துப்போச்சு."

"தெரியலக்கா" என்றேன். "பாட்டு எடுக்குறப்ப யாரோ வந்திருந்தாங்களாம்."

தம்பி ஐஸ் கட்டி மூட்டையோடு எனக்குப் பின்னால் நின்றிருந்தான். மூட்டையை இறக்கிவைத்தான். அடுத்த மூட்டைக்குப் போனான்.

அன்று முழுக்க அந்தத் தொகுப்பு திரும்பத் திரும்ப ஓடியது. ஒவ்வொரு தடவையும் எனக்கு மேசைக்கு அடியில் ஏதாவது வேலை இருந்தது. வெயில் இறங்கும் நேரத்தில் மறுபடி ஒட்டியாணம் வந்தபோது, குனியப்போன என் மணிக்கட்டை அந்த அக்கா பிடித்துக்கொண்டார். "இரு, அந்த எடம் வரப்போவுது. நின்னு கேளு." அங்கே பார்த்துக்கொள்ள யாருடைய செருப்பும் இல்லை. நின்றேன். என் குரல் என்னை ஏசியது. பாடகன் எனக்காகக் கெஞ்சினான். மலையேற்றி முடிக்கும்வரை அவர் என் கையை விடவில்லை.

"என்னம்மா, கை இப்படி நடுங்குது?" என்றார்.

"ஐஸ் தண்ணிக்கா" என்றேன்.