கடைசி பஸ்ஸின் கூரையில் மாமா

திங்கட்கிழமை காலை, மைசூர் அக்ரஹாரத்து வீட்டில் என் அக்கா காலமானாள். வேதியியல் பேராசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவள். அன்று மாலை தகனம் நடந்தது. புதன்கிழமை அஸ்தியைக் காவிரியில் கரைத்தோம்.

அவள் பட்டப்படிப்பில் சேர்ந்தபோது எனக்கு ஏழு வயது. ஹனூரை அடுத்த எங்கள் ஊரிலிருந்து அறிவியல் படிக்க மைசூருக்குத்தான் வரவேண்டும். விடுதியில் இடமில்லை, தினமும் பஸ். அதிலும் ஆய்வக வகுப்பு முடிவதற்கு முன்பே ஊருக்கான கடைசி பஸ் கிளம்பிவிடும். கால அட்டவணை வகுத்தவர்களுக்கு எங்கள் பக்கத்தில் உறவினர் எவரும் இல்லை போலும். ஒரு நாள் பஸ்ஸைத் தவறவிட்டாலும் படிப்பை நிறுத்திவிடுவதாக அப்பா சொல்லியிருந்தார்.

ஊரில் கடை வைத்திருந்த தாய்மாமன், ஆய்வக நாட்களில் மட்டுமே மைசூரின் மண்டி மொஹல்லா சந்தைக்கு வந்து வெங்காயம் வாங்குவார். ஒருமுறை என்னையும் அழைத்து வந்தார். ஊர் திரும்பும் கடைசி பஸ்ஸின் கூரையில் ஏறி மூட்டைகளைக் கட்டினார், அவிழ்த்தார், மறுபடியும் கட்டினார்.

"என்னய்யா, மூட்டைக்கு ஜடை பின்றியா?" என்றார் ஒரு பயணி.

"பேகா இறங்குங்க சுவாமி, டைம் ஆச்சு!" என்று கன்னடம் கலந்து அவசரப்படுத்தினார் கண்டக்டர்.

"வளைவுல மூட்டை உங்க தலைமேல உழுந்தா அப்பறம் என்னையக் கேக்கக்கூடாதுங்க," என்றார் மாமா.

டிரைவர் எஞ்சினை முடுக்கினார். மாமா நிலையத்தின் வாயிலை ஒருமுறை பார்த்தார். மறுகணம் ஒரு மூட்டை சரிந்து விழுந்து வாய் பிளந்தது. திக்கெங்கும் வெங்காயம் உருண்டது. ஏசிக்கொண்டே எல்லோரும் பொறுக்கினார்கள். முடிச்சுப் போடத் தெரியாத மாமாவை எண்ணி எனக்கு அவமானத்தில் அழுகை வந்தது. அப்போது அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"ஏனுங் மாமா, இன்னிக்குமா?"

"நீ ஏறு கண்ணு. வெங்காயம்னா உருளத்தான் செய்யும்."

கண்டக்டர் கடைசி வெங்காயத்தைச் சாக்கில் எறிந்துவிட்டு அக்காவிடம் கேட்டார்: "நாளைக்கும் லேப் இருக்காம்மா? சொல்லிடு, கோணி ஊசி எடுத்துட்டு வந்துடறேன்."

மாமாவின் உத்தி அக்கணமே எனக்கு விளங்கிவிட்டது. விளங்காதது வேறு. அந்த பஸ்ஸில் கல்லூரிக்குப் போய்வந்த பெண் அக்கா ஒருத்தியே. அதை எங்கள் வீட்டுக்கு வாய்த்த பெருமையாக மட்டுமே நான் எண்ணினேன். கூரையில் ஆள் இல்லாத பெண்கள் ஊரைவிட்டுப் புறப்படவே இல்லை.

அக்கா தொடங்கி முடியாமல் நிற்பவை, இனி நான் செய்ய வேண்டியவை: ஊருக்கு மாலை பஸ் கேட்டு மறுபடியும் போக்குவரத்து அலுவலகம் செல்வது, ஆய்வக வகுப்பைக் காலைக்கு மாற்றும்படி கல்லூரி முதல்வரைச் சந்திப்பது, எங்கள் பக்கத்துப் பெண்கள் தங்கிப் படிக்க அக்ரஹாரத்து வீட்டின் மாடி அறைகளைக் காலி செய்வது.