அத்தைக்காக ஒரு பட்டினி

என் அத்தைக்குப் பாம்பென்றால் பயமில்லை. தேளைக் கொடுக்கைப் பிடித்துத் தூக்கி வெளியே எறிவாள். தண்ணீர் என்றால் மட்டும் உயிர் போய்விடும். குளிக்கும்போது செம்புத் தண்ணீரைத் தோளுக்கு மேலே ஏற்ற மாட்டாள். தலைக்கு ஊற்றுகிற நாளில் என் அம்மா பக்கத்தில் நிற்க வேண்டும். அப்போதும் கண்ணை மூட மாட்டாள். உடன்குடித் தேரிமணலில் வளர்ந்தவள், வாளித் தண்ணீருக்கு மேல் பார்த்திராதவள் என்று அப்பா தங்கைக்குப் பரிந்து பேசுவார். அதே மணலில் வளர்ந்த நீங்கள் தினமும் கடலில் முங்குகிறீர்களே என்று அம்மா கேட்பாள். செம்புத் தண்ணீரில் யாரும் செத்ததில்லை என்பது அத்தைக்கும் தெரியும்.

"தெரியுது மதினி. ஒடம்புக்குத்தான் தெரிய மாட்டேங்கு" என்பாள்.

இப்படிப்பட்டவளைக் கொழும்பில் கடை வைத்திருந்த மாமாவுக்குக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கல்யாணமான கையோடு யுத்தம் வந்து, கப்பல் போக்குவரத்து தாறுமாறானது அவளுக்கு வசதியாகப் போயிற்று. தூத்துக்குடியில் எங்களோடேயே இருந்துகொண்டாள். யுத்தம் முடிந்ததும் சாக்கும் முடிந்தது. மாமா இரண்டு தடவை அழைக்க வந்து, இரண்டு தடவையும் கப்பலேறும் ஜெட்டியிலிருந்து தனியாகத் திரும்பினார். தனுஷ்கோடி வழியாகப் போனால் கடல் கொஞ்சம்தான் என்றார்கள். கொஞ்சமானாலும் கடல்தானே என்றாள். மூன்றாம் தடவை வந்த மாமா, இனிமேல் வர மாட்டேன் என்று அப்பாவிடம் தணிந்த குரலில் சொன்னதை நான் கேட்டேன். அத்தையும் கேட்டிருக்க வேண்டும். உப்பு விளைகிற தூத்துக்குடியில் இருந்துகொண்டு, அன்று குழம்புக்கு உப்புப் போட மறந்துவிட்டாள்.

அப்பாவுக்குக் கடல்கட்டியின் நினைவு வந்தது. முத்துக்குளிக்கிறவர்கள் கடலுக்குள் இறங்கும்போது, கரையில் உட்கார்ந்து மந்திரம் ஓதிச் சுறாவின் வாயைக் கட்டுகிறவர் அவர். அவர் இல்லாமல் எப்பேர்ப்பட்ட வீரனும் இறங்க மாட்டான். போனவர்கள் கரையேறும்வரை அவர் சாப்பிடக் கூடாது. முத்துக்குளிப்பு நடந்தே பல வருஷமாகியிருந்ததால் ஆள் சும்மாதான் இருந்தார்.

அம்மா சிரித்தாள். "சுறா வாயக் கட்டி என்ன செய்ய? ஒங்க தங்கச்சி வாயக் கட்டுனா போதும். ஜெட்டில நின்னு ஊரக் கூட்டுதா."

எங்கள் ஊரில் பெரிய கப்பல் கரைக்கு வராது. தூரத்தில் நிற்கும், லாஞ்சில் போய்த்தான் ஏற வேண்டும். பயணத்தன்று அந்த லாஞ்சு ஆடுவதைப் பார்த்ததுமே அத்தை என் கையை நசுக்கிவிட்டாள். கடல்கட்டி ஒல்லியான, நரைத்த மனிதர். கரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்.

"தாயி, நீ கொழும்புல கால் வைக்குத வரைக்கும் பச்சத் தண்ணி பல்லுல படாம இங்கனயே ஓதுவேன். தைரியமாப் போ."

அத்தைக்குக் கடல் மறந்துபோனது. தெரு நாய் பசித்திருந்தால்கூடப் பொறுக்காதவள் அவள்.

"நாளைக்குக் காலைலதான அண்ணாச்சி போய்ச் சேருவோம். அதுவரைக்கும் பட்டினியாவா கெடப்பீய?"

"நீ ஏறத் தாமசமானா எனக்குச் சோறும் தாமசந்தான்."

அவ்வளவுதான். அத்தை சேலையைத் தூக்கிச் செருகினாள். படியிறங்கி, முன்னே நின்ற மாமாவைத் தள்ளாத குறையாக லாஞ்சுக்குள் ஏறி உட்கார்ந்தாள். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, "வெரசா விடுங்க. பாவம், பெரிய மனுசன் பசியோட இருக்காவ" என்று லாஞ்சுக்காரரை விரட்டினாள். ஜெட்டியே சிரித்தது. மாமா எல்லாரையும் விட அதிகமாகச் சிரித்தார். எனக்குத்தான் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

லாஞ்சு கப்பலைச் சேர்ந்ததும், அப்பா எனக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கிக் கொடுத்தார். பக்கத்துக் கிளப்புக் கடையில் கடல்கட்டி இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். நான் விக்கித்துப்போய் நின்றேன்.

"கப்பல்ல ஏறியாச்சுல்லா, ஏளா. கப்பலச் சுறா கடிக்குமா?" என்று இன்னொரு இட்லியைப் பிட்டார்.

அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டிய கடல் அவிழ்ந்து கிடக்கிறது, அத்தையோ அதன் நடுவில் இருக்கிறாள். யாராவது பட்டினி கிடந்தே தீர வேண்டும். மிட்டாயைப் பாவாடை நுனியில் முடிந்துகொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் அம்மாவிடம் நடந்ததைச் சொல்லி, எனக்குச் சோறு வேண்டாம் என்றேன். அடி விழுமென்று எதிர்பார்த்தேன். "பைத்தியாரப் பிள்ள" என்று மட்டும் சொல்லிச் சட்டியை மூடிவைத்தாள். தனக்கும் சோறு வேண்டாம், வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். அப்பா மட்டும் நன்றாகச் சாப்பிட்டார்.

சுகமாகச் சேர்ந்தோம் என்று மறுநாள் மாமாவிடமிருந்து தந்தி வந்தது. நான் பாவாடை முடிச்சை அவிழ்த்து மிட்டாயை வாயில் போட்டேன். அம்மா நேரே அடுக்களைக்குப் போனாள். பானையிலிருந்த பழைய சோற்றை எடுத்து, உட்காரக்கூடப் பொறுமையில்லாமல், நின்றுகொண்டே அள்ளி அள்ளிச் சாப்பிட்டாள். அவ்வளவு வயிற்று வலி ஒரு தந்தியில் எப்படிச் சரியானது என்று எனக்கு ஒரே ஆச்சரியமாக இருந்தது.