டிரவுட் அவளுக்கு, ஹிம்சை எனக்கு

போன வருஷம் துர்கா பூஜை விடுமுறையில், இமாச்சலில் ஓர் ஆற்றங்கரை விடுதியில் நடந்தது இது. நடந்ததை முதலில் வரிசையாகச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அப்படித்தான் வரும்.

1. கொல்கத்தா பாலிகஞ்சில் ஒரு கடையில் பரிசுக் கூப்பன் கொடுத்தார்கள். கூட வந்த தோழியையும் நிரப்பச் சொன்னது நான். பேனாவும் என்னுடையது.
2. பரிசு அவளுக்கு விழுந்தது. காட்டுக்குள் ஒரு சொகுசு விடுதியில் இரண்டு பேருக்கு மூன்று நாள்.
3. அவள் என்னைக் கூட்டிக்கொண்டு போனாள்.
4. மீன் அவளுக்குச் சிக்கியது, எனக்குச் சிக்கவில்லை.
5. நான் அம்மாவிடம் தமிழில் சொன்ன ஒரு வார்த்தை, தமிழே தெரியாத அவளுக்குப் புரிந்துவிட்டது.

அவள் டாலிகஞ்சில் வளர்ந்த வங்காளிப் பெண். நான் அப்பாவின் வேலை மாற்றலால் கொல்கத்தாவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டவள். இருவரும் ஒரே அலுவலகத்தில் குழாய்ப் பாதைகளை வடிவமைக்கும் இன்ஜினியர்கள், பக்கத்துப் பக்கத்து மேஜை. பூஜை முடிந்ததும் பவானிபூரில் சேர்ந்து ஒரு ஃப்ளாட் எடுப்பதாக இருந்தோம். திரும்பி வந்து உறுதி சொல்கிறோம் என்று வீட்டுக்காரரிடம் சொல்லியிருந்தோம்.

விடுதியில் இறங்கியதுமே எனக்குள் ஏதோ கசந்தது. தேவதாரு மரத்தால் கட்டிய அறை. கட்டிலில் படுத்தபடியே ஆறு தெரியும் கண்ணாடிச் சுவர். கதவில் ஒரு சின்னப் பலகையில் அவள் பெயரை அழகாக எழுதி, கீழே 'மற்றும் விருந்தினர்' என்று போட்டிருந்தார்கள். அந்த விருந்தினர் நான். வரவேற்பில் அவளுக்கு மாலை போட்டார்கள், எனக்கு ஒரு துண்டு கொடுத்தார்கள். முகம் துடைத்துக்கொள்ள.

அங்கே முக்கியமான விஷயம் டிரவுட் மீன்பிடிப்பு. புழு கிடையாது. இறகும் நூலும் சுற்றிச் செய்த பொய்ப்பூச்சியைத் தூண்டில் நுனியில் கட்டி, ஓடும் தண்ணீர்மேல் நிஜப் பூச்சி உட்கார்ந்ததுபோல் மெதுவாக விழவைக்க வேண்டும். நான் சுத்த சைவம். ஆனாலும் பிடித்த மீனை ஆற்றிலேயே விட்டுவிட வேண்டும் என்பது விடுதியின் விதி என்பதால், கிளம்புவதற்கு முன்பே வீடியோ பார்த்து முடிச்சுப் போடக்கூடப் பழகியிருந்தேன். அவள் விமானத்தில்தான் கேட்டாள், டிரவுட்டுக்கு முள் நிறைய இருக்குமா என்று.

ஆற்றில் இறங்கினோம். நான் தூண்டில் கோலைக் கடிகார முள் பத்திலிருந்து இரண்டுக்குப் போவதுபோல் அளந்து ஆட்டினேன். நூல் சாட்டை மாதிரி தண்ணீரில் விழுந்தது. அவள் பேசிக்கொண்டே, ஈ விரட்டுவதுபோல் வீசினாள். கோல் வளைந்தது. புள்ளி புள்ளியாக, பக்கவாட்டில் இளஞ்சிவப்பு ஓடிய மீன். எனக்கு நாள் முழுக்கக் கிடைத்தது பாசி. அவளுக்கு மாலைக்குள் இன்னொரு மீனும் சிக்கியது. இரண்டு முறையும் போட்டோ எடுத்தது நான். கையில் வந்த மீனை விட்டுவிட்டேன் என்றால் அம்மா வீட்டுக்குள்ளேயே சேர்க்க மாட்டாள் என்று அவள் புலம்பினாள். எங்களோடு ஆற்றில் நின்ற விடுதி வழிகாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உண்மையைச் சொன்னால், அதற்குள் அந்த ஃப்ளாட் வேண்டாம் என்று மனதுக்குள் முடிவு செய்திருந்தேன். லிஃப்ட் இல்லை, தண்ணீர் மெதுவாக வருகிறது என்று காரணங்களும் தயார். இவளோடு ஒரே வீட்டில் இருந்து, நல்லதெல்லாம் இவளுக்கே விழுவதைத் தினமும் பார்க்க என்னால் முடியாது என்பதுதான் நிஜமான காரணம்.

போனில் சிக்னல் வருவது வெளியே மரத்தளத்தில் மட்டும். சாயங்காலம் அம்மாவைக் கூப்பிட்டேன். எப்படி இருக்கிறது என்று கேட்டாள். பொறாமையாக இருக்கிறது என்றா சொல்ல முடியும்? எங்கள் வீட்டில் பொறாமை என்பது மற்றவர்கள் நம்மைப் பார்த்துப் படுவது. நாம் படுவதில்லை. அதனால் காலைக் கடித்த ரப்பர் பூட்ஸின் மேல் பழியைப் போட்டு, "ஒரே ஹிம்சையா இருக்கும்மா" என்றேன்.

திரும்பினால், இரண்டு கப் டீயோடு அவள் நிற்கிறாள். நான் போனை வைக்கும்வரை காத்திருந்தாள். முகம் முழுக்கச் சிரிப்பு.

"ஹிங்ஷே! எனக்குக் காலையிலேயே தெரியும். அதை என்கிட்ட சொல்றதுக்கென்ன, அம்மாகிட்ட எதுக்குப் போய்ச் சொல்றே?"

கொல்கத்தாவில் வளர்ந்தவர்களுக்கு உடனே புரிந்திருக்கும். நமக்கு ஹிம்சை என்றால் தொல்லை. வங்காள மொழியில் அதே வார்த்தை ஹிங்ஷே ஆகிறது, அர்த்தம் பொறாமை. அதை அவர்கள் ஒளித்து வைப்பதும் இல்லை. புதுப் புடவை கட்டிப் போனால் எதிர்வீட்டு பௌதி, அதாவது அண்ணி, வாசலிலேயே நிறுத்தி, "ஹிங்ஷே ஹொச்சே" என்பார். பொறாமையாக இருக்கிறது, அவ்வளவு அழகு என்று அர்த்தம்.

"இல்லடீ, தமிழ்ல அதுக்கு அர்த்தம் வேற. நான் பூட்ஸைத்தான்..." என்று ஆரம்பித்தேன். தப்பாகக் கேட்டு, சரியாகப் பிடித்துவிட்டாள்.

"ஹிங்ஷேதான்," என்றேன். "மீன், பரிசு, கதவுல இருக்கற பேர், எல்லாத்துக்கும்."

அவள் டீயை என் கையில் கொடுத்தாள். "எனக்கு உன்மேல ரெண்டு வருஷமா ஹிங்ஷே. உன் டிராயிங் ஒரு திருத்தம் இல்லாம வருது, என்னோடது சிவப்பு மையில குளிச்சிட்டு வருது. ஒவ்வொரு தடவையும் சொல்றேனே, கேட்டதில்லையா?"

கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டேன். அவளோ நிஜமாகவே பொறாமைப்பட்டு, பட்டதைச் சொல்லி, அங்கேயே இறக்கி வைத்துவிட்டு, மத்தியானம் என் டப்பாவிலிருந்து தயிர்சாதம் எடுத்துச் சாப்பிட்டிருக்கிறாள். நான் ஒரு நாள் பொறாமையை உள்ளே வைத்துக்கொண்டதற்கே ஒரு வீட்டை வேண்டாம் என்று சொல்லத் தயாராகிவிட்டேன்.

மறுநாளும் எனக்கு மீன் சிக்கவில்லை. அவளுக்கு மூன்றாவது சிக்கியது. ஆற்றின் நடுவில் நின்று "ஹிங்ஷே ஹொச்சே" என்று கத்தினேன். பதிலுக்கு அவள் மீனின் வாலைப் பிடித்து எனக்கு டாட்டா காட்டினாள்.

பவானிபூர் ஃப்ளாட்டுக்குப் போய்விட்டோம். பால்கனி அறை யாருக்கு என்று காசு சுண்டிப் பார்த்தோம், அவளுக்கு விழுந்தது. சாயங்காலக் காற்றெல்லாம் அந்தப் பக்கம்தான். எனக்கு இன்னும் பொறாமையாகத்தான் இருக்கிறது, அவளிடம் சொல்லியும் இருக்கிறேன்.